எதிரொலி அக்காவின் ஒன்பது விநாடி

வானம் காலியாகக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் எதிரொலி அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "காலியா? போய்க் கண்ணாடிய மாத்துங்க முதல்ல" என்பார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஜன்னலே இல்லாத ஒரு பெரிய அறையில் இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்து, வானத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வானத்தில் வேலை பார்க்கிறவர் அவர். மேலே போகும் விமானங்களுக்கு வழியும் உயரமும் சொல்லும் கட்டுப்பாட்டாளர். நாம் அண்ணாந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடுகூடத் தெரியாத நேரத்தில், அக்காவின் திரையில் பத்துப் பதினைந்து விமானம் ஊர்ந்துகொண்டிருக்கும்.

எதிரொலி என்பது கணவர் வைத்த பட்டப்பெயர். இந்தத் தொழிலில் ஒருவர் சொன்னதைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, சரிதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது சொன்ன கணக்கு. இந்தப் பழக்கம் அக்காவை வீட்டிலும் விடவில்லை. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். "வரும்போது பல்பு ஒண்ணு, சோப்பு ரெண்டு வாங்கிட்டு வா" என்பார். "பல்பு ஒண்ணு, சோப்பு ரெண்டு" என்பார் அக்கா. "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். என்னப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். 'உங்களைப் பிடிச்சிருக்கு, சரியா?'ன்னு திருப்பிக் கேட்டா. நானும் சரின்னு சொல்லித் தொலைச்சிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கணவர் சொல்லிச் சொல்லி, பெயர் அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. அங்கே பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் எதிரொலி அக்காதான்.

வானத்திலும் எல்லைக்கோடு உண்டு. வேலி கிடையாது, காவல் கிடையாது, ஆனால் கோடு உண்டு. அக்காவின் அறை பார்க்கும் வானம் மேற்கே ஓரிடத்தில் முடியும். அதற்கு அந்தப் பக்கம் வேறொரு நாடு, அதற்கென்று இதேபோல ஓர் அறை. பேச்சில் அது 'மேற்கு', அக்காவின் அறை 'கிழக்கு'. ஒரு விமானம் கோட்டைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே, எந்த விமானம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் வருகிறது என்று அடுத்த அறைக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்காகவே மேஜையில் ஒரு ஹாட்லைன் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அடுத்த நாட்டில் மணி அடிக்கும். பேசி முடித்ததும் இரண்டு பேரும் தங்கள் அடையாளமாக அலுவலகம் கொடுத்த இரண்டிரண்டு எழுத்தைச் சொல்வார்கள். கையெழுத்துப் போடுவதற்குப் பதில் அது. அக்காவின் எழுத்து எல்.டி. மேற்கு அறையில் பெரும்பாலும் எடுக்கிறவரின் எழுத்து எம்.யூ.

பத்தொன்பது வருடமாக அக்கா இந்த எம்.யூ.வோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. அந்த மனிதரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, கறுப்பா சிவப்பா, ஒல்லியா குண்டா, எதுவும் தெரியாது. இருவரும் பேசுவது தொழிலுக்கென்று உலகம் முழுக்க வைத்திருக்கும் ஆங்கிலம். நாம் அதை நம் பேச்சிலேயே சொல்லிக்கொள்வோம். அந்தப் பேச்சு முழுக்கப் பதிவாகும் என்பதால் ஊர்க்கதைக்கு இடமில்லை. ஆனாலும் அவருக்குச் சளி பிடித்தால் அக்காவுக்குத் தெரியும். மகள் பிறந்து ஆறு மாதம் கழித்து அக்கா நாற்காலிக்குத் திரும்பிய அன்று, நேரமும் உயரமும் சொல்லி முடித்த எம்.யூ. ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார். "எல்.டி., உங்க குரல் மறுபடி கேக்கறதுல சந்தோஷம்." அவ்வளவுதான். அக்கா அன்று வீட்டுக்குப் போய் அதை மூன்று தடவை சொன்னார்.

"முகம் தெரியாத ஆளோட இவ்வளவு பேசுற. என்கிட்ட பேசினது அதுல பாதி தேறுமா?" என்றார் கணவர்.

"அவர் ஒரு தடவ சொன்னா கேட்டுக்கறார்" என்றார் அக்கா.

நடுவில் ஒரு வருடம் இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்கும் ஆகாமல் போயிற்று. கடலில் ஏதோ எல்லைத் தகராறு. தூதரகத்தைப் பூட்டினார்கள், ரயிலை நிறுத்தினார்கள், தபால்கூடப் போகவில்லை. தொலைக்காட்சியில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். தூதரகத்தைப் பூட்டிய மறுநாள் காலை அக்கா ஹாட்லைன் பொத்தானை அழுத்தும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். இரண்டாவது மணியில் எம்.யூ. எடுத்தார். விமானத்தின் எண், இடம், நேரம், உயரம். அவர் திருப்பிச் சொன்னார். எம்.யூ. என்றார், எல்.டி. என்றார் அக்கா. உலகத்தில் அத்தனை கதவையும் சாத்தியவர்கள் இந்த ஒரு கம்பியில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்பது எவ்வளவு பெரிய வாய்ச்சவடால் ஆசாமிக்கும் தெரியும்.

அக்காவின் நாடும் சுற்றியுள்ள மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு தடித்த ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. ஏதாவது ஓர் அறை திடீரென்று ஊமையாகிவிட்டால், அதன் வானத்தை மற்ற அறைகள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். "அக்கா, இதெல்லாம் நடக்குமா? மூணு இடத்துலேர்ந்து கரண்ட் வருது நமக்கு" என்று இளசுகள் கிண்டல் செய்யும். "நடந்தா அப்போ உக்காந்து படிப்பியா?" என்று அக்கா வாயை அடைப்பார்.

நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு மேல்.

மேற்கு எல்லைக்கு அருகே அன்று மழைமேகம் குவிந்து கிடந்தது. மேற்கே போய்க்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானம், எண் எழுநூற்று மூன்று, மேகத்தின் தலையில் மாட்டிக்கொண்டு குலுங்கியது. உள்ளே ஆட்கள் இருக்கையிலிருந்து எழும்பி விழுகிறார்கள், உடனே மேலே போக வேண்டும் என்று விமானி கேட்டார். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மேற்கே போகிறவை முப்பத்து நான்காயிரம், முப்பத்தாறாயிரம் அடி என்று இரட்டைப்படை உயரத்தில் போகும். கிழக்கே வருகிறவை முப்பத்து மூன்று, முப்பத்தைந்து என்று ஒற்றைப்படையில் வரும். ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க இதுதான் ஏற்பாடு. எழுநூற்று மூன்று முப்பத்து நான்கில் இருந்தது. முப்பத்தாறில் வேறொன்று போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது முப்பத்தைந்து மட்டும். அது எதிர்த்திசைக்காரனுடைய உயரம். எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் அதைக் கொடுப்பதென்றால் முதலில் மேற்கு அறையைக் கேட்க வேண்டும், சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும்.

அக்கா முதலில் கொடுத்துவிட்டார். உள்ளே ஆட்கள் அடிபடுகிறார்கள், இதோ அடுத்த மூச்சில் எம்.யூ.விடம் சொல்லி, எதிரே வருவதை விலக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். சீட்டில் புது உயரத்தை எழுதினார். அந்தக் காலத்துப் பழக்கமாக ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டை அவர் விடாமல் எழுதி வைப்பார். அடுத்த அறைக்குச் சொல்லி முடித்ததும் எழுதியதைச் சுற்றி வட்டம் போடுவார். வட்டம் போட வேண்டிய கை ஹாட்லைனை நோக்கிப் போனது.

பட்டென்று திரை அணைந்தது. பக்கத்துத் திரையும் அணைந்தது. மாடியில் குளிர்சாதனத் தண்ணீர்க் குழாய் வெடித்து, கருவி அறை முழுக்கக் கொட்டிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று இடத்திலிருந்து வந்த மின்சாரமும் அந்த ஒரே அறை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் சத்தமில்லை. யாரோ, "ஐயோ, ஒண்ணுமே வரல" என்றார்கள். ஷிப்ட் மேலாளர் பேயறைந்தவர்போல நின்றார். பதினான்கு விமானம் அந்த நேரத்தில் அக்காவின் பொறுப்பில் மேலே இருந்தது. பேருந்து என்றால் ஓரமாக நிறுத்தச் சொல்லலாம். இவற்றை எங்கே நிறுத்துவது?

ஹாட்லைன் மட்டும் பழைய கம்பி, தனி பேட்டரி. அக்கா பொத்தானை அழுத்தினார். இரண்டாவது மணி.

"மேற்கு, கிழக்கு பேசறேன். எங்க ரேடார் போச்சு, ரேடியோ போச்சு. ஒப்பந்தப்படி வானத்த உங்ககிட்ட ஒப்படைக்கறேன். பதினாலு விமானம்."

அரை விநாடி கூடத் தாமதமில்லை. "கிழக்கு, ரேடார் இல்ல, ரேடியோ இல்ல. வானத்த வாங்கிக்கறேன், பதினாலு. தெற்கையும் வடக்கையும் என் பக்கத்து ஆளுங்க கூப்பிடறாங்க. படிங்க."

யாரோ டார்ச் அடித்தார்கள். அக்கா சீட்டுகளைப் படித்தார். எண், இடம், நேரம், உயரம். அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லும் குரல். எண், இடம், நேரம், உயரம். ஐந்து சீட்டு முடிந்தது. குரலில் ஓர் இழை பிசகவில்லை.

ஆறாவது சீட்டு. "எழுநூத்தி மூணு" என்றார். இடத்தைச் சொன்னார். நேரத்தைச் சொன்னார். உயரத்துக்குக் கண் போனது. அவருடைய கையெழுத்திலேயே முப்பத்தைந்து என்று இருந்தது. சுற்றி வட்டம் இல்லை.

மேற்கு அறைக்கு அந்த உயரம் தெரியாது. அந்த அறையின் ரேடார் அவ்வளவு தூரம் எட்டாது. அதே பாதையில், அதே முப்பத்தைந்தாயிரம் அடியில், எதிரே ஒன்று வந்துகொண்டிருக்கிறது. சற்று முன்னால் எம்.யூ.வே அதைச் சொல்லியிருந்தார், அந்தச் சீட்டும் இதோ பக்கத்தில் செருகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இருக்கலாம். விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவி உண்டுதான். ஆனால் அதை நம்பி வேலை பார்க்கிறவர் இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரே அக்காதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கம்பியில் வெறும் இரைச்சல்.

பிறகு குரல் வந்தது. "மேற்கு, இது உங்ககிட்ட சொல்லாத உயரம். முப்பத்தஞ்சாயிரம். கேக்காம நான் குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"எழுநூத்தி மூணு, முப்பத்தஞ்சாயிரம். எதிர்ல வர்றத இறக்கியாச்சு. அடுத்தது படிங்க."

அக்கா அடுத்ததைப் படித்தார். பதினான்கும் படித்து முடித்தார். எல்.டி. என்றார். எம்.யூ. என்று பதில் வந்தது.

கீழே இறங்க வேண்டிய மூன்றை விமான நிலையக் கோபுரம் தன் சொந்த ரேடியோவில் எடுத்துக்கொண்டது. மற்ற பதினொன்றையும் மூன்று நாட்டு அறைகள், எல்லா விமானங்களும் காது வைத்திருக்கும் பொது அலைவரிசையில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எடுத்தன. எட்டாத தூரத்தில் இருந்தவற்றுக்கு நடுவில் போன விமானிகளே செய்தியைக் கடத்தினார்கள். ஆறு நிமிடத்தில் எல்லாம் ஆளுக்கொரு கையில். உள்ளே இருந்த இரண்டாயிரம் பேரில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால், அது டீ வர லேட்டானதாகத்தான் இருக்கும்.

மின்சாரம் வர நான்கு மணி நேரம் ஆனது. யாரும் கேட்காமலேயே அக்கா அன்று சாயங்காலம் தன் தவறை எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஷிப்ட் மேலாளர் ஹாட்லைன் பதிவைப் போட்டுக் காட்டினார். ஆறாவது சீட்டில் வரும் அந்த மௌனம் சரியாக ஒன்பது விநாடி. விசாரணை முடியும்வரை நாற்காலி கிடையாது என்றார்கள். அக்கா ஹெட்செட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் பதினோரு நாள். உயரத்தைக் கேட்காமல் கொடுத்ததை அவர் மனம் எப்படியோ சமாளித்தது. குலுங்கும் விமானத்துக்காகச் செய்தது அது. அந்த ஒன்பது விநாடியைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒம்பது செகண்டுல நான் பிரேக் போட்டு, எறங்கி, முன்னாடி போறவன் சட்டையப் பிடிச்சு சண்டையும் போட்டுடுவேன்" என்று கணவர் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"ஒம்பது செகண்டுல ரெண்டும் ரெண்டரை மைல் நெருங்கியிருக்கும்" என்றார் அக்கா. "நான் வாயடைச்சு நின்னுட்டிருந்தேன். இருபத்து மூணு வருஷமா எதுக்குத் தயாரானேனோ, அதுல நின்னுட்டேன். இனிமே அந்த நாற்காலிய அவங்க குடுத்தாலும் நான் எப்படி உக்கார்றது?"

கணவர் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. கல்லூரி விட்டு வந்த மகளிடம், "அம்மாகிட்ட எதுவும் கேக்காத" என்று சொன்னார். "எதுவும் கேக்கல" என்று மகள் திருப்பிச் சொன்னாள். அந்த வீட்டில் அந்த வாரம் யாராவது சிரித்தது அப்போது மட்டும்தான், அதுவும் சமையலறையில், அக்காவுக்குக் கேட்காமல்.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. நடத்தியவர் முன்னாள் விமானி, நரைத்த கிராப்பு வைத்த ஓர் அம்மா. அநாவசியமாக ஒரு சொல் பேசவில்லை. மூன்று நாடுகளும் தங்கள் பதிவுகளை அனுப்பியிருந்தன. தூதரகத்தை முழுசாகத் திறக்க இன்னும் மனம் வராத மேற்கு நாட்டுக்காரர்கள்கூட, கேட்ட மூன்றாம் நாளே பதிவை அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா முதலில் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். நடுவில் அக்காவின் வானம் ஒரு கட்டமாக இருட்டிக் கிடந்தது. அதற்குள் பதினான்கு கோடு. ஒவ்வொரு கோடாக நிறம் மாறி, பக்கத்துக் கட்டத்தின் நிறத்துக்குப் போனது. ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர், எத்தனையோ அறையில், ஒரே நேரத்தில் தன் வானத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை அக்கா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இப்போ இத கேளுங்க" என்றார் அந்த அம்மா. "இடது ஸ்பீக்கர்ல உங்க ஹாட்லைன். வலது ஸ்பீக்கர்ல மேற்கு அறையோட ரேடியோ. ரெண்டையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தியிருக்கு."

இடது பக்கம் அக்காவின் குரல். எழுநூத்தி மூணு. இடம். நேரம். பிறகு அந்த மௌனம். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவது விநாடியில் வலது பக்கத்தில் எம்.யூ. பேசினார். எதிரே வந்த விமானத்திடம். "முப்பத்து மூவாயிரத்துக்கு இறங்குங்க. உடனே." அந்த விமானி திருப்பிச் சொன்னார். "முப்பத்து மூவாயிரம், உடனே இறங்கறோம்." அதெல்லாம் முடிந்த பிறகுதான் இடது பக்கத்தில், உலர்ந்து போன நாக்கோடு, அக்காவின் குரல் வந்தது. மேற்கு, இது உங்ககிட்ட சொல்லாத உயரம்.

அந்த அம்மா மறுபடியும் போட்டுக் காட்டினார். அதே நான்காவது விநாடி. இறக்கியாச்சு என்று அவர் சொன்னது அக்காவுக்கு இப்போது நினைவு வந்தது. இறக்குகிறேன் என்று சொல்லவில்லை.

மேற்கு அறையோடு தொலைபேசி இணைப்பு போட்டிருந்தார்கள். அந்த அம்மா ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். "எம்.யூ., இவங்க சொல்றதுக்கு அஞ்சு செகண்ட் முன்னாடியே நீங்க இறக்கியிருக்கீங்க. உங்க ரேடார்ல எழுநூத்தி மூணு தெரியல. எப்படித் தெரிஞ்சுது?"

தயக்கமில்லாமல் வந்தது பதில். "எல்.டி. படிக்க ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த மாட்டாங்க. எண், இடம், நேரம், உயரம். பத்தொம்பது வருஷமா அந்த வரிசையும் மாறல, வேகமும் மாறல. அன்னிக்கு உயரம் வர வேண்டிய இடத்துல நின்னுட்டாங்க. அப்போ உயரத்துல ஏதோ இருக்குன்னு அர்த்தம். அந்தப் பாதையில எதிர்ல வந்தது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல அத இறக்குவோம், அப்புறம் கேட்டுக்குவோம்னு இறக்கிட்டேன்."

"அவங்க வேற எதுக்காவது நின்னிருந்தா? இருமல் வந்திருக்கலாம், சீட்டு கீழ விழுந்திருக்கலாம்."

"வேற எதுக்கும் நிக்க மாட்டாங்க" என்றார் எம்.யூ.

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தன்னை இப்படி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சொன்னதை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார் என்று பத்தொன்பது வருடமாக நினைத்திருந்தார். வாயைத் திறக்காத ஒன்பது விநாடியையும் அந்த மனிதர், வேறொரு நாட்டில், வேறொரு ஜன்னலில்லாத அறையில், சரியாகக் கேட்டிருக்கிறார்.

கேட்காமல் உயரம் கொடுத்ததற்கு மூன்று வாரம் மறுபயிற்சி என்று முடிவானது. மின்சாரம் வரும் வழிகளைத் தனித்தனி அறையாகப் பிரிக்கச் சொன்னார்கள். நான்கு நாட்டு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது: வானத்தை ஒப்படைக்கும்போது, அடுத்த அறைக்கு இன்னும் சொல்லாத மாற்றங்களை முதலில் படிக்க வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்க, கணவர் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இத்தன வருஷம் கூடவே இருக்கேன். நீ பேசாம இருந்தா, கோவமா தூக்கமான்னுகூட எனக்குத் தெரியாது" என்றார். அதில் கிண்டல் இல்லை.

மறுபயிற்சி முடிந்து அக்கா நாற்காலிக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை காலை. எட்டு மணி ஷிப்ட். ஹெட்செட்டை மாட்டினார், சீட்டுகளை அடுக்கினார். எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு ஹாட்லைன் மணி அடித்தது.

"கிழக்கு, மேற்கு பேசறேன்." எண், இடம், நேரம், உயரம். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா திருப்பிச் சொன்னார். சரி என்று பதில் வந்தது. இனித் தன் இரண்டு எழுத்தைச் சொல்ல வேண்டும். வரவில்லை. கண் நிறைந்து, சீட்டில் எழுதியது கலங்கித் தெரிந்தது. ஒரு விநாடிதான் இருக்கும், ஒன்றரை இருக்கலாம்.

"எதுவும் அவசரமில்ல, எல்.டி." என்றார் எம்.யூ. "நான் இருக்கேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அதுவும் பதிவாகியிருக்கும். "எதுவும் அவசரமில்ல, நீங்க இருக்கீங்க" என்று திருப்பிச் சொன்னார். "எல்.டி."

"சரி. எம்.யூ."

உயரத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அடுத்த சீட்டை எடுத்தார்.